கிருபையை பைபிளில் படிப்பது எப்படி? முந்திக்கொண்டது யார் என்று பாருங்கள்

"தேவ கிருபையில நல்லா இருக்கோம்" என்று சொல்லாத கிறிஸ்தவ வீடு கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிவில் ஆயர் கூறும் ஆசீர்வாதமும் "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவினுடைய கிருபையும்" என்றுதான் தொடங்குகிறது. ஆனால் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகும் பிள்ளை வந்து கிருபை என்றால் என்ன என்று கேட்டால், "தகுதியில்லாதவனுக்குக் கடவுள் காட்டும் தயவு" என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த வரியில் தப்பில்லை. அதே வரியை மனப்பாடமாகச் சொல்கிறவர்தான், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் "ரெண்டு மாசமா தசமபாகம் எடுத்து வைக்கல, அதான்" என்று, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையைக் காரணம் காட்டியும் சொல்கிறார். வாயில் ஒரு வரி, மனதுக்குள் வேறு கணக்கு.

இந்தக் கணக்கை மாற்ற, விளக்கத்தை இன்னும் நீளமாக்கினால் போதாது. பைபிளில் கிருபை எப்படி நடக்கிறது என்று கதையாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். தனியாகக் காலை தியானத்திலும் செய்யலாம், வீட்டுக் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்தும் செய்யலாம். ஒரு பைபிள், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்.

முதலில், கன்கார்டன்ஸை (எந்த வார்த்தை எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகராதியை) திறக்காதீர்கள். போன் ஆப்பில் "கிருபை" என்று தேடவும் வேண்டாம். தேடினால் வசனம் வசனமாகக் கொட்டும், சங்கீதம் 136 மட்டுமே 26 தடவை "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வந்து நிற்கும், பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், முக்கியமான இடங்கள் அந்தத் தேடலில் சிக்காது. கெட்ட குமாரன் கதையிலும், திராட்சத்தோட்டக் கூலியாட்கள் உவமையிலும், சகேயு வீட்டுச் சம்பவத்திலும் "கிருபை" என்ற வார்த்தையே கிடையாது. ஆனால் கிருபை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள இவற்றைவிட நல்ல இடம் இல்லை.

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் கொடுக்கிறவர் செய்தது, மறுபக்கம் வாங்குகிறவர் செய்தது. ஒவ்வொரு செயலையும் வசன எண்ணோடு எழுதி, எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று 1, 2, 3 போடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இங்கே முந்திக்கொண்டது யார்?

யாத்திராகமத்தில் தொடங்குங்கள். பழைய ஏற்பாடு என்றால் கட்டளை, புதிய ஏற்பாடு என்றால் கிருபை என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அந்த நினைப்பு முதல் நாளே அடிபடட்டும். பத்துக் கட்டளை 20ம் அதிகாரத்தில் வருகிறது, செங்கடலைக் கடப்பது 14ல். அதாவது விடுதலை முடிந்துவிட்டது, அடிமைகள் வெளியே வந்துவிட்டார்கள், அப்புறம்தான் சட்டம். கட்டளைகள் தொடங்குவதே "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்ற வாக்கியத்தோடுதான். அந்தக் கற்பலகைகளை எகிப்திலேயே, செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் கையில் கொடுத்து, "இதையெல்லாம் ஒழுங்காகக் கைக்கொள்ளுங்கள், தேறினால் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று கடவுள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனால் நம்மில் பலர் வாழ்கிற மதம் அதுதான்.

அடுத்து 2 சாமுவேல் 9. மேவிபோசேத் சவுலின் பேரன், யோனத்தானின் மகன். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது கீழே விழுந்து இரண்டு காலும் முடமானவன் (4ம் அதிகாரம் 4ம் வசனத்தில் இருக்கிறது). பழைய ராஜாவின் வாரிசு என்பதால் புதிய ராஜாவின் கண்ணில் படாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது, லோதேபாரில் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறான். அவன் மனு எதுவும் போடவில்லை. தாவீதுதான் "சவுல் வீட்டில் இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா, நான் தயவு செய்ய வேண்டும்" என்று விசாரித்து ஆள் அனுப்புகிறான். காரணமும் மேவிபோசேத்திடம் இல்லை, தாவீது யோனத்தானோடு முன்பு செய்துகொண்ட உடன்படிக்கையில் இருக்கிறது. நோட்டில் வாங்குகிறவர் பக்கம் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: எருசலேமில் குடியிருந்தான், ராஜாவின் பந்தியில் தினமும் சாப்பிட்டான், இரண்டு காலும் முடம். கதை முடியும்போதும் கால் அப்படியேதான் இருக்கிறது. கிருபை வந்தால் குறையெல்லாம் தீர்ந்துவிடும், தீராவிட்டால் நமக்குக் கிருபை இல்லை என்று பேசுகிறவர்களுக்கு இந்த வசனத்தைக் காட்டலாம்.

வரி வசூலிப்பவனான சகேயுவின் கதை (லூக்கா 19) சுலபமானது என்று தோன்றும், எண் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். 5ம் வசனத்தில் இயேசு தானாகவே "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதில் நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொல்வது 8ம் வசனம். திருப்பிக் கொடுத்தால் வருகிறேன் என்று பேரம் நடக்கவில்லை. சரி, ஆனால் கவனமாகப் படிக்கிற ஒருவர் உடனே கேட்பார்: "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்பது 9ம் வசனத்தில் அல்லவா, அதாவது பணத்தைத் தருகிறேன் என்று சொன்னதற்குப் பிறகல்லவா வருகிறது? நல்ல கேள்வி, மழுப்பாதீர்கள். எண் போட்டு அப்படியே எழுதுங்கள்: அழைப்பு, அதற்குப் பதிலாக மாறிய மனம், பிறகு அறிவிப்பு. கிருபைக்குப் பிறகு மனிதன் எதுவும் செய்ய மாட்டான் என்று இந்தக் கதை சொல்லவில்லை. முதல் அடி யாருடையது என்பதைத்தான் சொல்கிறது.

கெட்ட குமாரன் கதை வரும் லூக்கா 15க்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அவசரப்பட வேண்டாம். இங்கே இளைய மகன்தான் முதலில் எழுந்து புறப்படுகிறான் என்று உங்கள் நோட்டில் வரும், அது சரிதான். அதனால்தான் காணாமல் போன ஆட்டையும் வெள்ளிக்காசையும் சேர்த்தே படிக்க வேண்டும், காசு தானாக எழுந்து வராது. இப்போது மகன் தயார்செய்து வைத்திருக்கும் பேச்சைப் பாருங்கள். 18, 19ம் வசனங்களில் மூன்று துண்டு இருக்கிறது: பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரனல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அதை ஒப்பிக்கும் 21ம் வசனத்தில் மூன்றாவது துண்டு இல்லை. தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுவது 20ம் வசனம், அதாவது மகன் வாயைத் திறப்பதற்கே முன்னால். வேலை கேட்டு வந்தவனுக்கு அந்த விண்ணப்பத்தைக் கொடுக்கவே இடம் கிடைக்கவில்லை. மூத்தவன் வெளியே நின்றுகொண்டு பேசுவதும் கூலிக் கணக்குதான்: இத்தனை வருஷம் உழைத்தேன், ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை. ஒருவன் கூலிக்காரனாகத் திரும்பி வருகிறான், இன்னொருவன் வீட்டுக்குள்ளேயே கூலிக்காரனாக இருந்திருக்கிறான். அவனிடமும் தகப்பன்தான் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார் (28ம் வசனம்), அதை எழுத மறந்துவிடாதீர்கள், பலர் விட்டுவிடுவார்கள்.

மத்தேயு 20ல் வரும் கூலியாட்களைப் படிக்கும்போது கோபம் வந்தால் சரியாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், பதினோராம் மணி வேளையில், அதாவது சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் வந்தவனுக்கும் ஒரு பணம். எசமான் கடைசியில் வந்தவர்களிலிருந்து கூலி கொடுக்கச் சொல்வதைக் கவனியுங்கள். காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் பேசியபடி கிடைத்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஒரு முணுமுணுப்பும் இருந்திருக்காது. பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைத்ததைப் பார்த்த பிறகுதான் தங்கள் பணம் குறைந்துபோனதாகத் தெரிகிறது. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்பதுதான் எசமானின் கேள்வி. இருபது வருஷம் சபையில் இருப்பவர்கள் நேற்று வந்தவருக்கு மேடையில் சாட்சி சொல்ல இடம் கிடைத்ததும் முகம் மாறுகிற விஷயம் இதுதான், வேறு விளக்கம் தேவையில்லை.

இத்தனை கதைகளுக்குப் பிறகு பவுலிடம் வாருங்கள். கதை தெரியாமல் ரோமருக்குள் போனால் நீதிமானாக்கப்படுதல் (கடவுள் ஒருவரை நீதிமான் என்று ஏற்றுக்கொள்வது), எண்ணப்படுதல் என்று வெறும் கனமான வார்த்தைகளாக இருக்கும். இப்போது பார்த்தால், பவுலும் இதே வேலையைத்தான் செய்கிறார், எது முந்தி என்று எண்ணிப் பார்க்கிறார். ஆதியாகமம் 15:6ல் ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனம், அதாவது உடன்படிக்கைக்கு அடையாளமாக நுனித்தோலை அறுப்பது, 17ம் அதிகாரத்தில். அப்படியானால் எண்ணப்பட்டது எப்போது, விருத்தசேதனத்துக்கு முன்னா பின்னா என்று ரோமர் 4:10ல் பவுல் நேரடியாகவே கேட்கிறார். கலாத்தியர் 3:17லும் அதே முறை: நியாயப்பிரமாணம் (மோசே வழியாக வந்த சட்டம்) வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷம் கழித்து வந்தது, பின்னால் வந்தது முன்னால் வந்ததை ரத்துசெய்யாது.

இந்த இடத்தில் யாராவது யாக்கோபு 2:24ஐ எடுத்துப் போடுவார்கள், மனுஷன் "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" (செயல்களினாலும்) நீதிமானாக்கப்படுகிறான் என்று. பயப்பட வேண்டாம். யாக்கோபு எந்தச் சம்பவத்தைக் காட்டுகிறார் என்று பாருங்கள், ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்தது. அது ஆதியாகமம் 22. அதாவது 15, 17, 22. பவுல் 15ல் நின்று பேசுகிறார், யாக்கோபு 22ல் நின்று, அந்த 15 உண்மையாக இருந்தால் இங்கே வந்து நிற்கும் என்கிறார். இரண்டு பேருக்கும் உள்ள இழுபறி இத்தோடு முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் சண்டை போடுவதற்கு முன்னால் இந்த மூன்று எண்களை நோட்டில் எழுதினால் பாதிச் சத்தம் அடங்கும்.

எபேசியர் 2:8, 9 எல்லாருக்கும் மனப்பாடம்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." 10ம் வசனத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. நற்கிரியைகளைச் செய்வதற்கென்று சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று அதில் இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகப் படியுங்கள், செயல் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. ரோமரிலும் அப்படித்தான். 6ம் அதிகாரத்தில் கொஞ்சம் புத்திமதி வரும், மற்றபடி எப்படி நடக்க வேண்டும் என்று விரிவாகப் பேச ஆரம்பிப்பது பதினோரு அதிகாரம் முடிந்து 12:1ல், அதுவும் "அப்படியிருக்க" என்ற சொல்லோடு.

"அப்படியானால் இஷ்டத்துக்கு வாழலாமா?" இந்தக் கேள்வி வராவிட்டால் நீங்கள் கிருபையைச் சரியாகச் சொல்லவில்லை என்பது என் கருத்து, ஏனென்றால் பவுல் சொன்னபோதும் இதே கேள்வி வந்திருக்கிறது, ரோமர் 6:1ல் அவரே அதைக் கேட்டு, அடுத்த வசனத்தில் "கூடாதே" என்கிறார். ஜெர்மன் லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937ல், இஷ்டத்துக்கு வாழவிடும் கிருபையை "மலிவான கிருபை" என்று அழைத்தார், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, சீஷனாக நடக்காமலே கிடைக்கும் ஆறுதல். அவர் சொன்னதற்கு விலையும் கொடுத்தார், 1945 ஏப்ரல் 9ம் தேதி நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். இன்னொரு பக்கம் ஜான் நியூட்டன். கிருபையைப் பற்றி உலகத்திலேயே அதிகம் பாடப்படுகிற ஆங்கிலப் பாட்டான "அமேசிங் கிரேஸ்"ஐ எழுதியவர். 1748ல் புயலில் சிக்கிய கப்பலில் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார் என்பது பிரசங்கத்தில் வரும். அதற்குப் பிறகும் 1754 வரை அவர் அடிமை வியாபாரக் கப்பல்களில் இருந்தார், தலைவனாகவே ஓட்டினார், அந்த வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியது 1788ல்தான் என்பது பிரசங்கத்தில் பெரும்பாலும் வராது. இவ்வளவு மெதுவாகவா கிருபை வேலை செய்யும் என்று கேட்டால், நியூட்டன் விஷயத்தில் ஆமாம். அந்த நாற்பது வருஷத்துக்குச் சாக்குச் சொல்லவும் வேண்டாம்.

சபைகளுக்கு இடையே இதில் உள்ள சண்டையை ரொம்ப நேரம் பேசாதீர்கள், ஆனால் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். மனிதன் தன் முயற்சியாலேயே சரியாக நடக்க முடியும் என்று பெலாகியு என்ற துறவி சொன்னதை ஆயர் அகுஸ்தீன் எதிர்த்தார், 418ல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது. 1517ல் சீர்திருத்தக்காரர் லூத்தர் தொடங்கிவைத்த விவாதத்துக்குக் கத்தோலிக்கத் தரப்பிலிருந்து, திரெந்து நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் 1547ல் பதில் சொன்னது. பலர் கவனிக்காதது என்னவென்றால், கிருபை இல்லாமல் சொந்தக் கிரியையால் யாரும் நீதிமானாக முடியாது என்று அந்தச் சங்கமும் சொல்கிறது. முதல் அடி கடவுளுடையது என்பதில் தகராறு இல்லை. அந்த அடிக்குப் பிறகு மனிதனின் சம்மதத்துக்கும் ஒத்துழைப்புக்கும் எவ்வளவு இடம், கிருபையை மறுக்க முடியுமா, இழக்க முடியுமா என்பதில்தான் கத்தோலிக்கர், லுத்தரன், கால்வின் வழி, வெஸ்லி வழி என்று பிரிகிறார்கள். 1999 அக்டோபர் 31ம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் குறித்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. உங்கள் குழுவில் கத்தோலிக்க நண்பர் இருந்தால் அவர் பைபிளில் "அருள்" என்று இருக்கும், ஒன்றும் குழம்ப வேண்டியதில்லை.

இனி உங்களையே சோதித்துப் பார்க்கும் பகுதி. ஒரு வாரம் உங்கள் சொந்த ஜெபத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். "ஆண்டவரே, இதைச் செய்து கொடுத்தால்" என்று எத்தனை வாக்கியம் ஆரம்பிக்கிறது, "செய்தீரே, அதனால்" என்று எத்தனை ஆரம்பிக்கிறது. பொருத்தனையே (நேர்த்திக்கடனே) தப்பு என்று சொல்லவில்லை, அன்னாளும் பொருத்தனை பண்ணித்தான் சாமுவேலைப் பெற்றாள். ஆனால் நமக்குக் கொடுக்கல் வாங்கல் பழக்கம் மொய் நோட்டில் வந்தது, யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து அதற்குக் குறையாமல் திருப்பி எழுதுவோம், அதில் அசிங்கம் ஒன்றும் இல்லை, ஊர் உறவு அப்படித்தான் ஓடுகிறது. கடவுளிடமும் அதே நோட்டை விரிக்கும்போதுதான் சிக்கல். "தனக்குப் பதில் கிடைக்கும்படிக்கு முந்தி அவருக்கு ஒன்றைக் கொடுத்தவன் யார்?" என்று ரோமர் 11:35 கேட்கிறது. காணிக்கை போடுங்கள், உபவாசம் இருங்கள், எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் காணிக்கைக்கும் முடிச்சுப் போடுவதை மட்டும் நிறுத்துங்கள்.

குழுவாகச் செய்கிறவர்களுக்குச் சில விஷயம். ஒரு கூட்டத்துக்கு ஒரு பகுதிதான், இரண்டு வேண்டாம். விளக்கத்தை முதலில் சொல்லாதீர்கள், நோட்டில் எண் போடவிட்டு அவர்கள் வாயிலிருந்தே வரட்டும். நன்றாகப் பேசுகிற அண்ணன் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவரிடம் வசனத்தை வாசிக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் பேசுவார்கள். "நீங்க எந்த மகன்?" என்று சுற்றிக் கேட்காதீர்கள், எல்லாரும் பவ்யமாக இளையவன் என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதில், மூத்தவன் சொல்கிற புகாரில் எந்த வாக்கியம் நியாயமானது என்று கேளுங்கள். அப்போது வரும் பேச்சு வேறு.

கடைசிக் கூட்டத்துக்கு மத்தேயு 18:21 முதல் 35 வரை வையுங்கள், கணக்குப் போட ஒருவரிடம் கால்குலேட்டர் கொடுங்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். இந்த உவமையில் ஒரு ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து, அதாவது ஆறு கோடி நாள் கூலி. நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால் 3,000 கோடி ரூபாய். அவனுக்குச் சக வேலைக்காரன் தர வேண்டிய நூறு வெள்ளிப்பணம் 50,000 ரூபாய். அதுவும் சின்னத் தொகை இல்லை என்பதைச் சொல்லுங்கள், மூன்று மாசத்துக்கும் மேலான கூலி, நமக்கு இழைக்கப்பட்ட அநியாயம் உண்மையான அநியாயம்தான். அந்த ஊழியக்காரன் ராஜாவிடம் கேட்டதையும் காட்டுங்கள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, "எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று தவணை கேட்டான். ராஜா மன்னித்த பிறகும் அவன் மனதில் தவணைக் கணக்குதான் ஓடுகிறது போலிருக்கிறது, வெளியே போனதும் அடுத்தவன் தொண்டையைப் பிடிக்கிறான்.

முடிவில் ராஜா மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். இங்கே குழு கண்டிப்பாக நிற்கும், கிருபைக்கு நிபந்தனை இல்லை என்றீர்களே என்று கேட்பார்கள். மற்றவர்களை மன்னிக்காவிட்டால் பிதாவும் உங்களை மன்னிக்கமாட்டார் என்கிற மத்தேயு 6:14, 15ஐயும் யாராவது எடுப்பார்கள். இங்கேயும் முதலில் மன்னித்தது ராஜாதான் என்று காட்டலாம், அது உண்மை. ஆனால் அதைச் சொன்னதும், அதே எச்சரிப்பைத் தரும் 35ம் வசனத்தின் கடுமை குறைந்துவிட்டதுபோல் பேசாதீர்கள், குறையவில்லை. நோட்டில் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள், அடுத்த மாதம் ஆயரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.